கொரியாவிலிருந்து வந்த ஜின்செங் பெட்டி: அப்பாவுக்குக் கொடுக்கலாமா?

கேட்கப்பட்ட கேள்வியின் சுருக்கம் இது. அப்பாவுக்கு 63 வயது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் பத்து வருடமாகச் சாப்பிடுகிறார், ரத்த அழுத்தத்துக்கும் ஒரு மாத்திரை உண்டு. டெங்கு வந்து போனதிலிருந்து இரண்டு மாதமாக ஒரே அசதி, மாடிப்படி ஏறினாலே உட்கார்ந்துவிடுகிறார். கொரியாவில் வேலை பார்க்கும் தம்பி ஒரு பெட்டி சிவப்பு ஜின்செங் சாறு அனுப்பியிருக்கிறான். கொடுக்கலாமா? அதில் உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா, இல்லை எல்லாம் விளம்பரமா?

முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். அந்த வேரில் சரக்கு இருக்கிறது, வெறும் விளம்பரம் என்று தள்ளிவிட முடியாது. ஆனாலும் நாளைக் காலையிலேயே பிரித்துக் கொடுத்துவிடாதீர்கள். ஏன் என்று விளக்க வேண்டுமானால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டும். ஜின்செங் பற்றித் தமிழில் நம் கண்ணில் படுவதெல்லாம் பெரும்பாலும் சர்வரோக நிவாரணி என்ற புகழ்பாட்டு, அதை விட்டால் ஆண்மைக்குறைவு விளம்பரம். இரண்டுமே அந்த வேரை ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் வருடமாகப் பயன்படுத்தியவர்கள் சொன்னதோடு ஒத்துப்போவதில்லை. நான் மருந்தியல் படித்தவன், தென்கொரியாவின் தேஜோன் நகரில் மூலிகை வேதியியல் ஆய்வகம் ஒன்றில் நான்கு வருடம் இருந்தேன். அங்கிருந்து பேருந்து ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் கும்சான் வந்துவிடும். கொரியாவில் ஜின்செங் என்றாலே முதலில் சொல்லப்படுகிற ஊர் அது.

கும்சானில் 2, 7 என்று முடியும் தேதிகளில் சந்தை கூடும். நம் ஊரில் மஞ்சளையோ மரவள்ளியையோ குவித்து வைப்பது போல வேர்களைக் குவித்து வைத்திருப்பார்கள். ஒரு கூடைக்குள் முகத்தை வைத்துப் பார்த்தால் ஈரமண்ணும் கசப்பும் கலந்த ஒரு வாசனை வரும், அது ஒரு நாள் முழுக்கக் கைவிரல்களில் இருக்கும். கிலோ கணக்கெல்லாம் அங்கே கிடையாது, ‘சே’ என்பதுதான் அளவு, ஒரு சே என்றால் 750 கிராம். சந்தை ஓரத்துக் கடைகளில் பச்சை வேரை அப்படியே மாவில் தோய்த்துப் பொரித்துத் தருவார்கள், நம் பஜ்ஜி மாதிரியே. தொட்டுக்கொள்ள தானியப் பாகு அல்லது தேன். முதல் கடியில் இனிப்பு, அப்புறம் கசப்பு, கடைசியில் தொண்டையில் ஒரு மெல்லிய இனிப்பு திரும்பி வரும். நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்த மாதிரி என்று சொன்னால் ஓரளவு சரியாக இருக்கும்.

அங்கே ஒரு வியாபாரி அம்மாதான் எனக்கு வேரின் வயதைப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். வேரின் தலைப்பக்கம் ஒரு குறுகலான கழுத்து இருக்கும். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் தண்டு காய்ந்து விழும்போது அந்தக் கழுத்தில் ஒரு சின்ன வட்டத் தழும்பு விழும். மறுவருடம் அதன் பக்கத்தில் புது மொட்டு, அப்புறம் இன்னொரு தழும்பு. தழும்புகளை எண்ணினால் வயது. தோட்டத்து வேரில் நாலைந்து எண்ணலாம். மலையில் தானாக வளர்ந்த வேர் என்றால் கழுத்தே விரல் நீளத்துக்கு வளைந்து நெளிந்து கிடக்கும், பல பத்து வருடத் தழும்புகள் இருக்கும். அதனால்தான் கழுத்து ஒடிந்த காட்டு வேருக்கு மதிப்பு குறைவு, அதன் பிறப்புச் சான்றிதழே அந்தக் கழுத்துதான்.

ஜின்செங் என்பது மலைக்காட்டு நிழலில் வளரும் சிறு செடி. கொரியா, சீனாவின் வடகிழக்கு, ரஷ்யாவின் தூரக் கிழக்கு, இவைதான் அதன் தாய்நிலம். செடியியல் பெயர் பேனக்ஸ் ஜின்செங். ‘பேனக்ஸ்’ என்றால் கிரேக்கத்தில் எல்லாவற்றையும் குணப்படுத்துவது என்று பொருள், அந்தப் பெயரிலேயே மிகைப்படுத்தல் தொடங்கிவிடுகிறது. சீனப் பெயரான ‘ரென்ஷென்’ என்பதில் வரும் ‘ரென்’ மனிதனைக் குறிக்கும். இரண்டு கால், இரண்டு கை போல வேர் பிரிந்து நிற்பதால் அப்படி. கொரியர்கள் ‘இன்சாம்’ என்பார்கள். ஜப்பானியர்களும் ‘நின்ஜின்’ என்றார்கள். பிறகு கேரட் அந்த நாட்டுக்கு வந்தபோது, வேர் அதே மாதிரி இருக்கிறதே என்று அதற்கும் அதே பெயரை வைத்தார்கள். இன்றைக்கு ஜப்பானில் நின்ஜின் என்று கேட்டால் கேரட்தான் கிடைக்கும்.

நேரடி வெயிலைத் தாங்காத செடி என்பதால் வயல் முழுக்கச் சாய்வான கறுப்புப் பந்தல் போட்டுத்தான் வளர்ப்பார்கள். விதை போட்டதும் முளைக்காது. பழத்திலிருந்து எடுத்த விதையை மணலில் கலந்து மூன்று மாதத்துக்கு மேல் தண்ணீர் தெளித்து வைத்து, ஓடு வெடித்த பிறகுதான் விதைக்க முடியும். அதுவும் ஒரு குளிர்காலத்தைத் தாண்டித்தான் தலை நீட்டும். நான்கு முதல் ஆறு வருடம் காத்திருந்து தோண்டினால், அதே நிலத்தில் பத்து வருடத்துக்கு மேல் மறுபடி ஜின்செங் போட முடியாது, வேரழுகல் வந்துவிடும். விலை ஏன் இவ்வளவு என்பதற்கு இதுவே பாதிப் பதில். கும்சானின் இந்த விவசாய முறையை 2018-இல் ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு உலக வேளாண் மரபுச் சின்னங்களில் ஒன்றாகச் சேர்த்தது.

உங்கள் தம்பி அனுப்பியது சிவப்பு ஜின்செங். அது தனி இனம் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. தோண்டியதும் இருப்பது பச்சை வேர், முக்கால்வாசி தண்ணீர், சீக்கிரம் அழுகும். தோல் சீவி வெயிலில் உலர்த்தினால் வெள்ளை ஜின்செங். தோலோடு ஆவியில் வேகவைத்து உலர்த்தினால் செம்பழுப்பாக, கண்ணாடி போல இறுகிவிடும், அதுதான் சிவப்பு. நம் ஊரில் நெல்லைப் புழுக்குவதையும் மஞ்சளை வேகவைத்துக் காயவைப்பதையும் பார்த்தவர்களுக்கு இந்த வேலை உடனே புரியும். மாவுச்சத்து இறுகி, பூச்சி அரிக்காமல் வருடக்கணக்கில் கெடாமல் இருக்கும். 1123-இல் கொரியாவுக்கு வந்துபோன சீனத் தூதுக்குழுவில் இருந்த ஷூ ஜிங் என்ற அதிகாரியின் குறிப்பிலேயே பச்சையாக உலர்த்தியது, வேகவைத்தது என்று இரண்டு வகை பேசப்படுகிறது. கெட்டுப்போகாமல் வைக்கச் செய்த வேலையில் வேரின் வேதியியலும் மாறுகிறது, அதைக் கீழே சொல்கிறேன்.

சரி, பழங்காலத்தில் இதை எதற்குக் கொடுத்தார்கள்? இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் அழுத்தம் கொடுப்பேன்.

சீனத்தின் மிகப் பழைய மூலிகை நூலான, ஷென்னோங் என்ற புராண அரசரின் பெயரில் வழங்கும் நூல், ஏறக்குறைய இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய ஹான் வம்சக் காலத்தில் தொகுக்கப்பட்டது. அது ஜின்செங்கை உயர்தர மூலிகைகளில் வைக்கிறது. உள்ளுறுப்புகளை நிரப்புவது, மனத்தை அமைதிப்படுத்துவது என்றெல்லாம் அதன் குணத்தைச் சொல்கிறது. அதற்குப் பின் வந்த வைத்தியர்கள் இதைப் பயன்படுத்திய விதத்தைப் பார்த்தால், ஒரே ஆள்தான் திரும்பத் திரும்ப வருவார்: மெலிந்து களைத்துப்போன ஆள். நீண்ட காய்ச்சலில் வற்றிப்போனவர், ரத்தம் நிறைய இழந்தவர், சாப்பாடு ஏறாமல் மூச்சு வாங்குபவர், வயதாகி ஓய்ந்தவர். பிரசவத்திலோ காயத்திலோ ரத்தம் போய், கைகால் சில்லிட்டு, நாடி விழுந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு வேறெதுவும் சேர்க்காமல் ஜின்செங்கை மட்டும் அதிக அளவில் காய்ச்சிக் கொடுக்கும் கஷாயம் ஒன்று உண்டு, பெயரே ‘தனி ஜின்செங் கஷாயம்’தான். அன்றைக்கு வேறு வழியில்லாத கடைசிக் கட்ட மருந்து அது. அன்றாட அளவில் என்றால் ‘நான்கு பெருந்தகைகள்’ என்ற கஷாயம்: ஜின்செங்கோடு இன்னும் மூன்று, அதில் ஒன்று நமக்குத் தெரிந்த அதிமதுரம். ஜீரணம் குன்றி, முகம் வெளுத்து, குரல் எழும்பாமல் இருப்பவர்களுக்கு.

அதே வைத்தியர்கள் யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதையும் சொல்லி வைத்திருக்கிறார்கள். திடகாத்திரமாக, முகம் சிவந்து, உடம்புச் சூட்டோடு இருப்பவருக்கு வேண்டாம். காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வேண்டாம். சாப்பிடும் நாட்களில் முள்ளங்கி ஆகாது, அது வேரின் பலத்தை முறித்துவிடும் என்று ஒரு பத்தியம், இன்றைக்கும் சீன வீடுகளில் பார்க்கலாம். சிங்கப்பூர், மலேசியாவில் வளர்ந்த தமிழர்கள் பலருக்கு இது தெரிந்திருக்கும், சீன மருந்துக்கடைக்காரர் வேரை நறுக்கிப் பொட்டலம் கட்டும்போதே சொல்லி அனுப்புவார். நம் ஆட்களுக்குச் சூடு, குளிர்ச்சி என்ற பேச்சு பழக்கம் என்பதால் இதுவும் எளிதாகப் பிடிபடும்: கொரிய ஜின்செங் சூடு, அதற்கு நெருங்கிய வேறு இனமான அமெரிக்க ஜின்செங் குளிர்ச்சி என்பது சீனக் கணக்கு. வியர்த்துக் கொட்டும் நாட்டில், சின்ன வயதுக்காரருக்கு, சீன வைத்தியர் பெரும்பாலும் அமெரிக்க வேரைத்தான் எடுப்பார்.

கொரியாவில் இது சமையலுக்குள்ளும் போய்விட்டது. சம்கியெதாங் என்ற கோழிச் சாறு, கொரியத் தொடர்கள் பார்ப்பவர்களுக்குப் பெயர் தெரிந்திருக்கும். சின்னக் கோழியின் வயிற்றுக்குள் பசையரிசி, ஒரு பச்சை ஜின்செங் வேர், பூண்டு, இலந்தை வகைப் பழம் எல்லாம் வைத்து, காலைக் கட்டி, எலும்பு கழலும்வரை கொதிக்க வைப்பார்கள். அதை அவர்கள் கோடையின் உச்சத்தில் வரும் மூன்று குறிப்பிட்ட நாட்களில் சாப்பிடுகிறார்கள். வெயிலை வெப்பத்தால் அடக்குவது என்று ஒரு பழமொழியே வைத்திருக்கிறார்கள். ஜூலை மாதத்தில் வியர்வை வழிய வழிய அந்த மண்சட்டியைக் குனிந்து குடித்துவிட்டு வெளியே வந்தால் காற்று உண்மையிலேயே குளிர்ந்தது போல இருக்கும். அதில் ஜின்செங்கின் பங்கு எவ்வளவு, வியர்வையின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் சாப்பாட்டில் ஒரு வேர் என்ற அளவு எவ்வளவு பதமானது என்று பாருங்கள்.

மலையில் காட்டு ஜின்செங் தேடுபவர்களுக்கு அங்கே ‘சிம்மனி’ என்று பெயர். ‘சிம்’ என்பது ஜின்செங்குக்கு அவர்கள் வைத்திருக்கும் பழைய சொல். மலை ஏறுவதற்கு முன் மலைத்தெய்வத்துக்குப் படையல் போட்டு, உடம்பையும் மனத்தையும் சுத்தமாக வைத்துக்கொண்டு போவார்கள். செடியைக் கண்டதும் ‘சிம் ப்வாத்தா’ என்று மூன்று முறை கத்துவார்கள். ‘சிம்மைப் பார்த்தேன்’ என்று பொருள். தமிழ்க் காதுக்கு அந்த இரண்டாவது சொல் ‘பார்த்தா’ என்றேதான் விழும், முதல் தடவை கேட்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

இந்த வேருக்காக நாடுகள் என்னென்ன செய்தன என்பதற்கு ஒன்றிரண்டு மட்டும். ஜப்பானில் நாணயங்களில் வெள்ளி குறைந்துபோன காலத்தில், மட்டமான காசைக் கொரிய வியாபாரிகள் வாங்க மறுத்ததால், ஜின்செங் வாங்குவதற்கென்றே 1710-இல் தூய வெள்ளி அதிகமுள்ள தனி நாணயம் அடித்தார்கள். சீனப் பேரரசர் காங்ஷிக்காக வரைபடம் தயாரிக்கப் போன பியர் ஜார்து என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1709-இல் கொரிய எல்லைக்கு அருகே இந்தச் செடியைப் பார்த்து, 1711-இல் எழுதிய கடிதத்தில் படத்தோடு விவரித்தார். குதிரைமேல் உட்காரக்கூட முடியாமல் ஒரு நாள் களைத்துப்போனதையும், உடன் வந்த அதிகாரி கொடுத்த வேரில் பாதியைத் தின்ற ஒரு மணி நேரத்தில் களைப்பு போனதையும் அதில் சொல்கிறார். களைத்த மனிதர், ஒரே ஒரு பாதி வேர். பழைய வைத்தியம் சொன்ன அதே காட்சி. இதே மாதிரி மலைக்காடு கனடாவிலும் இருக்கிறதே, அங்கேயும் இருக்கலாம் என்று அவர் ஊகித்து எழுதியதைப் படித்துவிட்டு, ஜோசப் பிரான்சுவா லஃபிதோ என்ற இன்னொரு பாதிரியார் மான்ட்ரியால் பக்கம் மொஹாக் என்ற பழங்குடி மக்களிடையே தேடி, 1716-இல் கண்டுபிடித்தார். அவர் கண்டுபிடித்தார் என்று சொல்வதே சரியில்லை, மொஹாக் பெண் ஒருவரிடம் காட்டியதும் அவர் அதைத் தங்கள் வழக்கமான மருந்துகளில் ஒன்று என்று அடையாளம் சொல்லிவிட்டார்.

அது அமெரிக்க ஜின்செங், அக்கா தங்கை மாதிரி நெருங்கிய வேறு இனம். உடனே சீனாவுக்கு ஏற்றுமதி தொடங்கியது. விலை ஏற ஏற, கனடாவில் ஆட்கள் பருவத்துக்கு முன்பே தோண்டி, நிழலில் உலர்த்தப் பொறுமையில்லாமல் அடுப்பில் வாட்டி அனுப்பினார்கள். சீன வியாபாரிகள் தொட மறுத்துவிட்டார்கள், 1750-களில் வியாபாரமே படுத்துவிட்டது. அமெரிக்கா விடுதலை அடைந்த கையோடு 1784-இல் நியூயார்க்கிலிருந்து சீனாவுக்குப் போன முதல் கப்பலிலும் முக்கியச் சரக்கு சுமார் 30 டன் ஜின்செங்தான். இவ்வளவு தோண்டினால் காடு என்ன ஆகும்? கொரியாவிலும் சீனாவிலும் காட்டு ஜின்செங் அரிதிலும் அரிது. அமெரிக்க இனத்தின் சர்வதேச வியாபாரம் 1975-இலிருந்து அருகும் உயிரினங்களுக்கான உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அதனால் ‘அசல் காட்டு ஜின்செங்’ என்று இணையத்தில் யாராவது மலிவாக விற்றால் வாங்காதீர்கள். பொய்யாக இருந்தால் பணம் போச்சு, உண்மையாக இருந்தால் அதைவிட மோசம்.

இப்போது வேருக்குள் இருப்பது. முக்கியமானவை ஜின்செனோசைடுகள் எனப்படும் சாப்போனின்கள். பூந்திக்கொட்டையைத் தேய்த்தால் நுரை வருகிறதே, அந்தக் குடும்பத்துப் பொருள்தான். ஜின்செங் பொடியைச் சோதனைக் குழாயில் தண்ணீரோடு போட்டுக் குலுக்கினால் இதிலும் நுரை நிற்கும். 1960-களில் ஜப்பானில் ஷோஜி ஷிபாட்டாவின் குழு இவற்றின் அமைப்பை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டியது. இன்றைக்கு நூற்றுக்கு மேல் தெரியும். ஆர்.பி.1, ஆர்.ஜி.1 என்று பெயர்கள் வரும். ஆவியில் வேகவைக்கும்போது இவற்றில் சில உடைந்து, பச்சை வேரில் ஏறக்குறைய இல்லாத ஆர்.ஜி.3 போன்றவை உருவாகின்றன. சிவப்பு ஜின்செங் வேறு மாதிரி வேலை செய்கிறது என்று கொரியர்கள் சொல்வதற்கு வேதியியல் அடிப்படை இதுதான். இன்னொன்றும் இருக்கிறது, இதைப் பெட்டியில் போட மாட்டார்கள்: இந்தப் பெரிய மூலக்கூறுகள் குடலில் அப்படியே உறிஞ்சப்படுவது மிகக் குறைவு. குடலில் வாழும் பாக்டீரியாக்கள் சர்க்கரைப் பகுதிகளைக் கடித்து எடுத்த பிறகுதான் மிச்சம் ரத்தத்தில் சேர்கிறது. அந்தப் பாக்டீரியாக்கள் ஆளுக்கு ஆள் வேறு. ஒரே வேர் ஒருவருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு வேலை செய்வதற்கும், இன்னொருவருக்குத் தண்ணீர் குடித்த மாதிரி இருப்பதற்கும் இது ஒரு காரணம்.

மனிதர்களிடம் செய்த சோதனைகளில் என்ன தெரிந்தது? அசதியில் இருந்தே தொடங்குகிறேன், உங்கள் அப்பாவின் பிரச்சினை அதுதானே. இதுவரை வந்ததில் நான் அதிகம் மதிக்கும் ஆய்வு 2013-இல் அமெரிக்காவில் மேயோ கிளினிக் தலைமையில் வந்தது. புற்றுநோயாலும் அதன் சிகிச்சையாலும் களைத்துப்போன 364 பேரில் பாதிப் பேருக்கு அமெரிக்க ஜின்செங் தினம் 2,000 மி.கி., மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. நான்காவது வாரத்தில் தெளிவான வித்தியாசம் இல்லை. எட்டாவது வாரத்தில் ஜின்செங் சாப்பிட்டவர்களின் அசதி கூடுதலாகக் குறைந்திருந்தது. பெரிய அற்புதம் இல்லை, ஆனால் உண்மையான பலன், அதுவும் மெதுவாக வந்த பலன். யாருக்கு வந்தது? நோயில் அடிபட்ட உடம்புக்காரர்களுக்கு. ஐரோப்பிய மருந்து முகமையும் அசதி, பலவீனம் ஆகியவற்றுக்குப் பாரம்பரியப் பயன்பாட்டு மருந்து என்ற அளவில்தான் ஜின்செங்கை ஏற்றுக்கொண்டிருக்கிறது, அதுவும் மூன்று மாதம் வரை மட்டும்.

சர்க்கரை விஷயத்தில் டொராண்டோ பல்கலைக்கழகக் குழு 2000-இல் காட்டியது கவனிக்க வேண்டியது. 3 கிராம் அமெரிக்க ஜின்செங்கை 40 நிமிடம் முன்பு சாப்பிட்டுவிட்டுக் குளுக்கோஸ் குடித்தவர்களுக்கு, சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும், ரத்தச் சர்க்கரை ஏற்றம் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. நல்ல செய்திதானே என்று தோன்றும். மாத்திரை சாப்பிடாதவருக்கு நல்ல செய்தி. கிளிமிபிரைடு சாப்பிடுபவருக்கு அதுவே கவலை, ஏனென்றால் அந்த மாத்திரை தானாகவே சர்க்கரையைத் தாழ்நிலைக்குத் தள்ளக் கூடியது.

சளிக்கு கனடாவில் 2005-இல் 323 பேரிடம் நான்கு மாதம் செய்த ஒரு ஆய்வில், ஒன்றுக்கு மேற்பட்ட தடவை சளி பிடித்தவர்கள் ஜின்செங் பக்கம் 10 சதவீதம், வெற்று மாத்திரைப் பக்கம் சுமார் 23 சதவீதம். இருக்கும் சளியை அது உடனே விரட்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. ஞாபகசக்திக்கு என்றால், 2010-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரன் அமைப்பு எல்லா ஆய்வுகளையும் அலசிவிட்டு, நம்பும்படியான ஆதாரம் இல்லை என்றது. ஆண்மைக்குறைவுக்கு 2021-இல் அதே அமைப்பு 587 ஆண்கள் பங்கேற்ற ஒன்பது ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, வெற்று மாத்திரையைவிடக் கிடைக்கும் பலன் அற்பமாகத்தான் இருக்கும் என்றது. நம் கண்ணில் இந்த வேரின் விளம்பரம் அதிகம் படுவது எதற்காகவோ, அங்கேதான் ஆதாரம் இவ்வளவு மெலிந்திருக்கிறது. அந்தப் பிரச்சினை இருப்பவர்கள் கூச்சப்பட்டுக்கொண்டு ஜின்செங் காப்ஸ்யூலில் மாதங்களைக் கழிக்க வேண்டாம் என்று உரிமையோடு சொல்கிறேன், அது பல சமயம் ரத்தக்குழாய் நோயின் முதல் அறிகுறி, மருத்துவரைப் பாருங்கள்.

தீங்குகளுக்கு வருகிறேன். சரியான அளவில் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்வதில்லை. தூக்கம் கெடுவது, தலைவலி, வயிற்றுக் குழப்பம், படபடப்பு ஆகியவைதான் அடிக்கடி கேள்விப்படுபவை. 1979-இல் அமெரிக்காவில் 133 பேரைப் பார்த்து ஒரு மருத்துவ இதழில் வந்த கட்டுரை, ஜின்செங்கை அளவுமீறிச் சாப்பிடுபவர்களுக்கு ரத்த அழுத்தம், தூக்கமின்மை, பதற்றம் எல்லாம் வருவதாகச் சொல்லி அதற்கு நோய்ப் பெயரே சூட்டியது. அந்த ஆட்கள் காபி உள்ளிட்டவற்றையும் சேர்த்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள், சிலர் நாளைக்கு 15 கிராம் வரை சாப்பிட்டார்கள், அதனால் அந்த முடிவை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் திடமான ஆள் சூடான வேரை அதிகம் தின்றால் என்ன ஆகும் என்று சீன வைத்தியர் சொன்ன பட்டியலும் கிட்டத்தட்ட இதேதான் என்பதை நான் மறப்பதில்லை.

உண்மையில் பயப்பட வேண்டியது மற்ற மருந்துகளோடு சேரும்போது. முதலாவது வார்ஃபரின், இதய வால்வு மாற்றியவர்கள் ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடுவது. 2004-இல் 20 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு அமெரிக்க ஜின்செங் கொடுத்துப் பார்த்தபோது இரண்டே வாரத்தில் வார்ஃபரினின் வேலை குறைந்தது. கொரிய வேரில் முடிவுகள் ஒரே மாதிரி இல்லை, ஆனால் வால்வில் ரத்தம் கட்டினால் உயிர்ப் பிரச்சினை, அங்கே பரிசோதனை செய்து பார்க்க முடியாது, வேண்டவே வேண்டாம். அதே மாதிரி சில மனச்சோர்வு மருந்துகள், சில புற்றுநோய் மாத்திரைகள் சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம், ஆர்.பி.1 எலிக் கருக்களில் குறைபாடு உண்டாக்கியதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். அறுவை சிகிச்சைக்கு ஒரு வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும்.

நடுவில் பெயர்க் குழப்பம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘சைபீரிய ஜின்செங்’ என்பது வேறு பேரினத்துச் செடி, அதில் ஜின்செனோசைடே கிடையாது. அமெரிக்காவில் 2002-இலேயே அதற்கு ஜின்செங் என்று பெயரிட்டு விற்கச் சட்டத்தால் தடை போட்டார்கள். ‘இந்திய ஜின்செங்’ என்பது நம் அமுக்கராக் கிழங்கு. அது கத்தரிக்காய்க் குடும்பம், ஜின்செங்குக்குச் சொந்தமே இல்லை. சித்த மருத்துவத்தில் அதற்கென்று சுத்தி முறை, பாலில் கொடுக்கும் அனுபானம், தனி வரலாறு எல்லாம் இருக்கும்போது, அடுத்த நாட்டு வேரின் பெயரை இரவல் வாங்கி அதை விற்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. போதாததற்கு, ஜின்செங் ஆய்வு முடிவுகளை எடுத்து அமுக்கரா விளம்பரத்தில் ஒட்டுகிறார்கள். இரண்டின் வேதிப்பொருளும் வேறு, எச்சரிக்கைகளும் வேறு.

இனி உங்கள் அப்பா. அவர் பழைய வைத்தியர் படம் போட்டுக் காட்டிய ஆள்தான்: காய்ச்சலுக்குப் பின் தேறாமல் இருக்கும் வயதானவர். ஜின்செங் யோசிக்க வேண்டிய ஆள் என்றால் இவரைப் போன்றவர்தான், ஜிம்முக்குப் போகும் 25 வயதுப் பையன் கிடையாது. தடை அவருடைய மாத்திரைகள். அதனால் மருத்துவரிடம் பெட்டியைக் கையோடு எடுத்துப் போய்க் காட்டிக் கேளுங்கள். அவர் சரி என்றால் காலையில் மட்டும், சாப்பாட்டுக்குப் பிறகு, குறைந்த அளவில் தொடங்குங்கள், மாலையில் வேண்டாம், தூக்கம் போய்விடும். முதல் இரண்டு வாரம் வீட்டுக் குளுக்கோமீட்டரில் வழக்கத்தைவிட அடிக்கடி பாருங்கள், ரத்த அழுத்தத்தையும் பாருங்கள். கை நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி வந்தால் சர்க்கரை இறங்குகிறது என்று பொருள். எட்டு வாரத்தில் வித்தியாசம் தெரியாவிட்டால் நிறுத்திவிடுங்கள், தெரிந்தாலும் மூன்று மாதத்துக்கு மேல் ஓட்ட வேண்டாம்.

பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். கொரியாவில் அங்கீகாரம் பெற்ற சிவப்பு ஜின்செங் பொருளில் ஆர்.ஜி.1, ஆர்.பி.1, ஆர்.ஜி.3 மூன்றும் சேர்ந்து எத்தனை மி.கி. என்று போட்டிருக்கும், அசதிக்கு ஒரு நாளைக்கு 3 முதல் 80 மி.கி. என்பது அவர்கள் வகுத்த வரம்பு. எண் இல்லாமல் வேர்ப்படம் மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் ஜின்செங் வாசனை சேர்த்த பானம். பல பைகளில் இனிப்புக்காகத் தேனோ பாகோ இலந்தைச் சாறோ கலந்திருப்பார்கள். சர்க்கரைக்காரருக்கு அது தேவையில்லாத வம்பு, வேர்ச்சாறு மட்டும் இருக்கிறதா என்று கொரிய எழுத்தைத் தம்பியிடமே படிக்கச் சொல்லுங்கள்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் ஒன்று. பத்து வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறைவது நன்றாகத் தெரிந்த விஷயம். அது குறைந்தாலும் இதே அசதிதான், கால் மரத்துப்போவதும் சேர்ந்து வரும். அதனால் முதலில் பி12 பார்க்கச் சொல்லுங்கள், கூடவே ஹீமோகுளோபின், தைராய்டு, சிறுநீரகச் செயல்பாடு, மூன்று மாதச் சர்க்கரை அளவும். மாடி ஏறினால் உட்கார்ந்துவிடுகிறார் என்கிறீர்கள், 63 வயதுச் சர்க்கரைக்காரருக்கு நெஞ்சுவலியே இல்லாமல் இதயப் பிரச்சினை இப்படியும் தலைகாட்டும், அதனால் ஒரு ஈசிஜியும் எடுத்துவிடுங்கள், இதைத் தள்ளிப்போட வேண்டாம். சிவப்பு ஜின்செங் அலமாரியில் இருக்கட்டும், அது சீக்கிரம் கெட்டுப்போகாது. ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எண்களை எழுதுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.